வெள்ளி மாலை 5.40

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இதை நிதானம் அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடுவீர்கள். அவர் நீட்டினால் வாங்கிக்கொள்வீர்கள். நான்கு வருடம் அவர் ஓட்டிய பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர் நீங்கள். இப்போது அவர் பஸ் உங்கள் ஊர் டிப்போ வரைக்கும் போய்த் திரும்புகிறதாம். கேட்டதும், "குடும்மா, சீட்டுக்குக் கீழ வெச்சுக்கறேன். சண்டையா? சீக்கிரம் முடிச்சுக்கங்க. நான் அடுத்த வருஷம் ரிட்டயர்டு" என்றார்.

செப்டம்பரில் கரு கலைந்தது. நவம்பரில் மாற்றல் கேட்டு வாங்கி, அண்ணனையும் அந்த டிப்போ ஒர்க்‌ஷாப்புக்கே மாற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். சாமான் ஏற்றிய அன்று நான் தெருமுனை மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தேன். பார்த்தீர்களோ இல்லையோ தெரியாது. என் அழைப்பு எதுவும் உங்கள் போனுக்குள் நுழைவதில்லை.

அண்ணனைக் கேட்டால் "அவ நல்லாதான் இருக்கா" என்கிறான். சின்ன வயதில் அம்மாவிடம் பரீட்சை நன்றாக எழுதினேன் என்பானே, அதே குரல். போன வாரம் மட்டும் வாய் தவறிச் சொன்னான்: "இனிமே குழந்தைப் பேச்சே வேணாங்கறா. ஏன்னு கேட்டா சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கறா."

நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். என்னிடம் பேசாமல் இருப்பது நியாயம்தான். ஆனால் என் மேல் உள்ள கோபத்தில், உங்களுக்கு வேண்டிய ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இதைச் சொல்ல மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 12

ஊசிக்கு,

அண்ணியா? நீங்களா? யாருடி நீ? வேலைக்கு மனுப் போடுகிறாயா?

ஹாஸ்டலில் ஐந்து வருடம் ஒரே அறை, ஒரே வாளி, ஒரே சீப்பு. உன் லேப் பரீட்சைக்கு ரத்தம் எடுத்துப் பழக ஒரு கை கிடைக்கவில்லை என்று என் இடது கையை நீட்டினேன். மூன்று இடத்தில் குத்தினாய், மூன்றிலும் நரம்பைத் தவறவிட்டாய். ஒரு வாரம் என் கை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அன்றைக்கு நான் வைத்த பேர் ஊசி. எனக்குக் கண்டக்டர் வேலை கிடைத்து, குளியலறையில் விசில் ஊதிப் பழகி, வார்டன் நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்து மொத்த மாடியையும் கீழே இறக்கினாளே, அன்றைக்கு நீ வைத்த பேர் விசில். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டால் பேர் மாறிவிடுமா?

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

உன் லேப் கொடுத்த தாள் என் டிக்கெட் பையின் உள்ளறையில் இருக்கிறது. தினமும் என்னோடு ஆறு நடை போய் வருகிறது. லேசாகக் கறை படுகிறது என்று சொன்னதால் டாக்டர் இரண்டு தடவை ரத்தம் பார்க்கச் சொன்னார். புதன்: 310. வெள்ளி: 268. கரு வளர்ந்தால் ஏற வேண்டிய எண் இறங்கியிருக்கிறது. நேரம் வெள்ளி மாலை 5.40. பரிசோதித்தவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். "ரிசல்ட் என்னடி?" என்று கேட்டேன். "டாக்டர் மேஜைக்குப் போயிருக்கு. திங்கக்கிழமைதான் வருவாங்க. நல்லபடியா இருக்கும்" என்றாய். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாய். உன் அண்ணன் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி பண்ணி, ஸ்பேனரையெல்லாம் சாக்கில் கட்டி, கிரீஸ் கறையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, "இது அவங்களுக்கு" என்று என் வயிற்றைக் காட்டினான். நீ கை தட்டினாய்.

ஞாயிறு காலை எனக்கு ரத்தம் போனது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவர்கள்கூட விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கூடவே உட்கார்ந்து கை தட்ட மாட்டார்கள்.

விசில்


பிப்ரவரி 20

விசில்,

பேர் சொல்லித் திட்டினாயே, அது போதும்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். எண்ணைப் பார்க்கிறவர் எண்ணைச் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். வேலையில் சேரும் அன்றே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். கிழித்த மூன்று தாளிலும் அதைத்தான் எழுதியிருந்தேன். ஆனால் விதிதான் காரணம் என்றால், "டாக்டர் சொல்லுவாங்க" என்பதோடு வாயை மூடியிருப்பேன். "நல்லபடியா இருக்கும்" என்று சொல்லச் சொல்லி எந்த விதியிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை திரையில் 268 வந்ததும் மெஷினில் கோளாறு என்று நினைத்தேன். அதே குழாயை மறுபடி ஓட்டினேன். 265. டாக்டர் ஊரில் இல்லை. போனிலாவது கூப்பிட்டிருக்க வேண்டும். தாளை அவர் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை சொல்லத்தான் வந்தேன். மாடிப்படி ஏறும்போதே உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூச்சு விட மறந்து சிரித்துக் கடைசியில் விக்கல் எடுப்பாயே, அந்த ஹாஸ்டல் சிரிப்பு. நீ வேலைக்குப் போன பிறகு நான் அதைக் கேட்டதே இல்லை. சாப்பாடு முடியட்டும் என்று நினைத்தேன். அப்புறம் அலமாரி. அப்புறம் மணி மூன்றாகிவிட்டது, நீ சீருடை மாட்டிக்கொண்டு மாலை டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாய்.

கோழைத்தனம்தான். வேறு பேர் வைக்கத் தெரியவில்லை.

அந்த அறையின் ஜன்னல் ஞாபகம் இருக்கிறதா? கம்பி இரண்டு வளைந்திருக்கும். வெளியே டிப்போ. காலையில் எந்தப் பஸ் முதலில் கிளம்பும் என்று பந்தயம் கட்டுவோம், தோற்றவள் வாளி கழுவ வேண்டும். நேற்று வேலை முடிந்து அந்த வழியாகப் போனேன். ஹாஸ்டலை இடித்துவிட்டார்கள். வண்டி நிறுத்தும் இடமாம். நம் ஜன்னல் இருந்த உயரத்தில் வெறும் ஆகாயம் இருந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றுவிட்டு வந்தேன்.

ஊசி


மார்ச் 3

ஊசி,

உன் கடிதத்தை டிப்போ ஓய்வறையில் படித்தேன். ஓய்வறை என்று பலகை இருக்கிறது. உள்ளே கிழிந்த சீட்டும் பழைய டயரும்தான் ஓய்வெடுக்கின்றன. பெண்களுக்குத் தனி அறை வேண்டும் என்று எட்டுப் பேர் மனுக் கொடுத்தோம். "மொத்தமே எட்டுப் பேர்தானே?" என்றார் மேனேஜர். எட்டுப் பேருக்கு எட்டு மூத்திரப்பை இருக்கிறது என்று சொன்னேன். அன்றிலிருந்து எனக்குக் கடைசி நடை.

பழைய டிப்போ மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? கலைந்த மூன்றாம் நாள் லீவு கேட்டுப் போனேன். "பிரசவ லீவுன்னா குழந்தை இருக்கணுமேம்மா? காய்ச்சல்னு எழுதிக் குடு." எழுதிக் கொடுத்தேன். அப்படி ஒன்று இருந்தது என்பதற்கு அலுவலகத்தில் உள்ள ஒரே காகிதம் அதுதான். காய்ச்சல், மூன்று நாள்.

டாக்டர் இரண்டு நிமிஷம் பேசினார். "இதெல்லாம் சகஜம்மா. அடுத்த தடவை பார்த்துக்கலாம்." நான் எழுந்திருப்பதற்குள் அடுத்தவள் நாற்காலியைப் பிடித்துவிட்டாள். ஏன் நடந்தது என்று கேட்க வாயில் வைத்திருந்த கேள்வியை அப்படியே விழுங்கிக்கொண்டு வந்தேன்.

உன் அம்மா, "ஓடற பஸ்ல ஏறி எறங்கினா எதுதான் தங்கும்?" என்றார். என் அம்மா, "போனது போகட்டும், வெளிய சொல்லாதே" என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. என் வாயை மூட மட்டும் ஆளுக்கொரு மூடி வைத்திருக்கிறார்கள்.

ஜன்னலைப் பற்றி எழுதாமல் இருந்திருக்கலாம். நான் உன் மேல் கோபமாக இருக்கிறேன், நீ நடுவில் ஜன்னலைக் கொண்டுவந்து வைக்கிறாய். வளைந்த கம்பிக்கு நடுவே தலையை விட்டு நீ மாட்டிக்கொண்டாயே, சோப்புத் தண்ணீர் ஊற்றி இழுத்தோமே. அந்தக் கம்பியும் போயிற்றா? அங்கே உட்கார்ந்துதானே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாய்: "நமக்குப் பொண்ணு பொறந்தா உன்னுது ஊசி போடட்டும், என்னுது விசில் ஊதட்டும். அப்பதான் ரெண்டும் சண்டை போடாது." நமக்கு அப்போது இருபது வயது. கல்யாணமே செய்துகொள்ளப் போவதில்லை என்று இரண்டு பேரும் சத்தியம் செய்திருந்தோம். குழந்தைக்கு மட்டும் வேலை தேடிவிட்டோம்.

குழந்தை வேண்டாம் என்பது உன் மேல் உள்ள கோபத்தால் மட்டும் இல்லை. வேறு ஒன்று இருக்கிறது. அது உனக்கு வேண்டாம்.

விசில்


மார்ச் 8

விசில்,

வேறு ஒன்று என்ன என்று கேட்க மாட்டேன். நான் பார்ப்பதை மட்டும் சொல்கிறேன்.

என் மேஜைக்குப் பேர் வருவதில்லை, குழாய்தான் வருகிறது. ஆனால் லேப் வாசல் வழியாகத்தான் எல்லோரும் போக வேண்டும். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்காவது எண் இறங்குகிறது. போன மாதம் ஒரு துணிக்கடைப் பெண், இரண்டு டீச்சர்கள், காரைவிட்டு இறங்காமலே கையை நீட்டிய ஒரு அம்மா. எங்கள் ஆஸ்பத்திரியின் குழந்தை டாக்டரம்மாவுக்கே இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படி ஆயிற்று. இப்போது அவர் பையன் லேப் நாற்காலியைச் சுற்றிவிட்டு ஓடுகிறான். இவர்களில் யாரும் பஸ்ஸில் கண்டக்டர் இல்லை. கரு உண்டானதாகத் தெரியவரும் பெண்களில் ஐந்தாறு பேருக்கு ஒருத்தி என்ற கணக்கில் இது நடக்கிறது. உன் ஸ்டாப்பில் நிற்கிற வரிசையில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். எல்லோரும் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தவர்கள்.

அம்மா சொன்னதற்கு அம்மாவிடம் சண்டை போட்டேன். "நான் என்ன சொல்லிட்டேன்?" என்றாள். பிறகு பாத்திரம் தேய்த்துக்கொண்டே, முகத்தைக் காட்டாமல், "உங்க அண்ணனுக்கு முன்னால எனக்கும் ஒண்ணு நிக்கல. என் மாமியார் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்" என்றாள். முப்பது வருடமாக அவளுக்கு அது தன் தப்பு. அன்றைக்கு நெல் மூட்டையோ தண்ணீர்க் குடமோ, எதையோ தூக்கினாளாம். எது என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. பழி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஊசி


மார்ச் 19

ஊசி,

உன் அம்மா கதையைப் படித்த பிறகு பத்து நாள் யோசித்தேன். இப்போது எழுதுவது உன் அண்ணனுக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை மாலை. ஆறு மணி நடை. வண்டி நிறைய கூட்டம். நீயும் நானும் சிரித்த சிரிப்பு வயிற்றில் இன்னும் இருந்தது. அன்றைக்கு முதல் முறையாக என் சீட்டில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தேன். வழக்கமாக வரும் பூக்கார அம்மா, "என்ன கண்டக்டரம்மா, ராணி மாதிரி உக்காந்துட்டே?" என்றாள். காதோடு காதாக விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்கு வெளியே நான் சொன்ன முதல் ஆள் அவள்தான். கூடையிலிருந்து எடுத்த கொத்தை எண்ணாமல் என் மடியில் போட்டாள்.

பாலம் இறங்கியதும் சைக்கிள்காரன் ஒருவன் குறுக்கே வந்தான். நான் அப்போது முன்பக்கம் டிக்கெட் கொடுக்க எழுந்து நின்றிருந்தேன். நிதானம் அண்ணன் அவர் ஆயுளில் போடாத பிரேக்கைப் போட்டார். கதவோரக் கம்பி என் அடிவயிற்றில் இடித்தது. வண்டியில் இருந்த அறுபது பேரும் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு நிமிஷம் குனிந்து நின்றேன். அப்புறம் இரண்டு விசில் கொடுத்தேன், வண்டி கிளம்பியது. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ரத்தம்.

இப்போது புரிகிறதா? 310 எங்கே, 268 எங்கே? கொஞ்சம்தானே குறைந்திருந்தது. சோர்ந்திருந்த ஒன்றை நான் கம்பியில் மோதி முடித்துவிட்டேன். நீ வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் டியூட்டிக்குப் போயிருப்பேனா? பாயை விட்டே எழுந்திருக்க மாட்டேன். அது பிழைத்திருக்கும். உன்னை நான் மன்னிக்காதது கை தட்டியதற்காக இல்லை. இதற்காக. என்னை நான் மன்னிக்காததும் இதற்காகத்தான்.

உன் அண்ணன் கையை என் மேல் போடும்போதெல்லாம் அந்தக் கம்பிதான் நினைவுக்கு வருகிறது. இன்னொன்றை வாங்கி அதையும் கொல்ல எனக்குத் தைரியமில்லை. அவனிடம் தலைவலி என்கிறேன். ஆறு மாதமாகத் தலைவலி. பாவம், தைலம் வாங்கி வாங்கி வைக்கிறான்.

விசில்


மார்ச் 20

விசில்,

உன் பையைத் திற. தாளை எடு. நேரம் அச்சாகியிருக்கும் இடத்தில் விரலை வை.

வெள்ளி மாலை 5.40. கம்பி இடித்தது சனி மாலை ஆறு. நடுவில் ஒரு முழு நாள் இருக்கிறது.

"கொஞ்சம்தானே குறைந்திருந்தது" என்று எழுதியிருக்கிறாய். உன் டாக்டர் இன்னொரு இரண்டு நிமிஷம் பேசியிருந்தால் நீ இதை எழுதியிருக்க மாட்டாய். அந்த எண் பரீட்சை மார்க் இல்லை, இந்தத் தடவை குறைந்து அடுத்த தடவை தேறுவதற்கு. கரு வளரும்போது அதுவே சுரக்கிற ஒன்றின் அளவு அது. இந்த வாரங்களில் வளர்கிற கரு என்றால் இரண்டு மூன்று நாளில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக வேண்டும். இறங்குகிறது என்றால் வளர்ச்சி ஏற்கனவே நின்றுவிட்டது. புதன்கிழமை நீ பார்த்த 310கூட இறங்கு வழியில் இருந்த எண்ணாக இருக்கலாம். ரத்தம் வெளியே வரச் சில நாள் ஆகும். உனக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நீ சனிக்கிழமை முழுக்கப் பாயில் படுத்திருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைதான் வந்திருக்கும்.

அந்த ஐந்தாவது வாரத்தில் அது ஒரு எள்ளளவு. கர்ப்பப்பை இடுப்பெலும்புக்கு உள்ளே, கீழே, ஒடுங்கி இருக்கும். பஸ் கம்பியால் அதைத் தொடக்கூட முடியாது. ஏன் நின்றது என்று கேட்டால், பெரும்பாலும் முதல் நாளிலேயே, உன்னுடையதும் அவனுடையதும் சேரும்போதே, குரோமோசோம் எண்ணிக்கையில் ஏதோ ஒன்று கூடியோ குறைந்தோ போயிருக்கும். யாரும் செய்த தப்பு இல்லை. யாரும் தடுத்திருக்கவும் முடியாது. உன் விஷயத்தில் உறுதியாக இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பி இல்லை என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன். கையெழுத்துப் போட்டுச் சொல்வேன். போட்டிருக்கிறேன், பார்.

இனி என் பங்கு. நான் வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தால் அது பிழைத்திருக்காது. ஆனால் உன்னுடைய இந்த ஆறு மாதம் பிழைத்திருக்கும். நீ தவறான காரணத்துக்காக என்னை மன்னிக்காமல் இருந்தாய். சரியான காரணம் இது. வைத்துக்கொள்.

நிதானம் அண்ணன் மதியம் கிளம்புகிறார். திருத்தி எழுத நேரமில்லை.

ஊசி


ஏப்ரல் 6

ஊசி,

பதில் போடாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை.

உன் கடிதத்தை டெர்மினசில் படித்தேன். தாளை எடுத்தேன். ஆறு மாதம் உனக்கு எதிராக வைத்திருந்த சாட்சி. மடித்த இடத்தில் எல்லாம் பிய்ந்துவிட்டது. 5.40 மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார், டைம் கீப்பர் கத்தினார், "என்னம்மா, வண்டி எடுக்கலாமா வேணாமா?" என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக நாலு நிமிஷம் லேட். மெமோ கொடுத்திருக்கிறார்கள். பிரேம் போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, பிரேக், தலைவலி. அவன் தைலப் புட்டியை மூடி வைத்தான். அப்புறம், "மண்ணெண்ணெய் வாசனைதான்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அலமாரித் தட்டைத் தொடைச்சேன்ல? ஜன்னல் மூடியிருந்துச்சு. நீ உள்ளதான படுத்திருந்தே. அந்த வாசனை ஏறித்தான் போயிடுச்சுன்னு" என்றான்.

பார்த்தாயா. ஒரே கட்டிலில் ஆளுக்கொரு கொலைக்குற்றத்தோடு ஆறு மாதம் படுத்திருந்திருக்கிறோம். நான் சுவரைப் பார்த்து, அவன் கதவைப் பார்த்து. இரண்டு பேரும் நிரபராதி என்று சொல்லக்கூடிய காகிதம் என் பையில் பஸ் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தது.

இந்த வீட்டிலும் ஒரு அலமாரி இருக்கிறது. வந்த நாளிலிருந்து அவன் ஸ்பேனர் சாக்கைக் கட்டிலுக்கடியில்தான் வைத்திருக்கிறான். தினமும் குனிந்து இழுக்கிறான், இடுப்பு வலி என்கிறான். சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன். நேற்றுத்தான் கவனித்தேன், கீழ்த்தட்டு காலி. நவம்பரிலிருந்து காலி. தூசிகூட இல்லை.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதலில் அது நீ எனக்குச் சொன்ன பொய் என்று நினைத்தேன். இப்போது இங்கே பஸ் ஏதாவது பாலத்தில் ஏறும்போதெல்லாம் பூக்கார அம்மா மடியில் போட்ட கொத்துத்தான் நினைவுக்கு வருகிறது. சாப்பிடும்போது நாம் சிரித்த சிரிப்பும், அதில் உன் அண்ணன் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டதும். அந்த நாளை யாருக்கும் திருப்பிக் கொடுக்க மாட்டேன். அதனால் நீ செய்தது சரி என்று ஆகிவிடாது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது சினிமா வசனம். உன் எண்ணைப் போனில் திறந்துவிட்டேன். அதற்கு மேல் கேட்காதே.

கேள்வி ஒன்று. கேட்க வெட்கமாக இருக்கிறது, டாக்டர் நாற்காலியில் உட்காரவே பிடிக்கவில்லை. மறுபடி முயற்சி செய்வது என்றால் எப்போது? வேலையை விட வேண்டுமா?

விசில்


ஏப்ரல் 14

அடியே விசில்,

மாதவிடாய் ஒழுங்காக வருகிறது என்றால் உன் உடம்பு எப்போதோ தயார். பொதுவாக ஒரு மாதவிடாய் வந்து போனதும் முயலலாம் என்பார்கள். அதுவும் நாள் கணக்குக் குழம்பக் கூடாது என்பதற்காகத்தான். மனசு தயாரா என்று நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு எங்களிடம் மெஷின் இல்லை.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இன்றிலிருந்தே போட ஆரம்பி, உண்டான பிறகு என்று காத்திருக்காதே. அண்ணன் ஒர்க்‌ஷாப் பின்னால் நின்று பிடிக்கும் சிகரெட்டை நிறுத்தச் சொல். பிடிப்பதில்லை என்பான். பிடிக்கிறான். ஒரு தடவை கலைந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அடுத்தது நன்றாகவே நிற்கிறது. குழந்தை டாக்டர் பையனைப் பற்றி எழுதினேனே. நின்றதும் நாள் தவறாமல் வந்து பார். வயிற்றில் ஒரு பக்கமாகத் தாங்க முடியாத வலி வந்தால் மட்டும் யாரிடமும் யோசனை கேட்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. என் கடிதத்துக்குக் காத்திருக்காதே.

வேலையை ஏன் விட வேண்டும்? வேலை அதைக் கொல்லவில்லை. உட்கார்ந்து டிக்கெட் கொடு. ராணி மாதிரி. மேனேஜர் கேட்டால் எட்டு மூத்திரப்பைக் கணக்கை மறுபடி சொல்.

நாள் பார்க்கிறேன் பேர்வழி என்று அண்ணனைப் படுத்தாதே. மாதத்தின் நடுவில் ஒரு வாரம், இஷ்டப்பட்டபோது, அவ்வளவுதான். என் அண்ணனைப் பற்றி நானே இதை எழுத வேண்டியிருக்கிறது. எந்த ஜென்மத்துப் பாவமோ.

ஊசி


ஜூலை 13

ஊசி,

உன் அண்ணனை நான் படுத்தவில்லை. அவன்தான் என்னைப் படுத்துகிறான். ஒர்க்‌ஷாப் காலண்டரில் அந்த நாட்களுக்குப் பக்கத்தில் ஆயில் மாற்றும் நாள் என்று குறித்து வைத்திருக்கிறான், யாருக்கும் தெரியக் கூடாதாம். போன மாதம் ஃபோர்மேன், "எந்த வண்டிக்குய்யா வாரம் பூரா ஆயில் மாத்தறே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னான். நான் சிரித்தேன். விக்கல் வந்துவிட்டது, ஊசி. அவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

மே மாதம் இல்லை. ஜூன் மாதமும் இல்லை. ஜூனில் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன், வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு. ஹாஸ்டலில் நாம் இரண்டு பேரும் அழுகையை அப்படித்தான் மறைப்போம். வெளியே இருக்கிறவள் கதவைத் தட்டி, "தண்ணியை மிச்சம் வை" என்பாள். அதற்கு அர்த்தம், கேட்டுவிட்டது, வெளியே வா. அன்றைக்குக் கதவைத் தட்ட ஆளில்லை. அப்போதுதான் உன்னை எவ்வளவு தேடுகிறேன் என்று தெரிந்தது. எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

இந்த மாதம் எட்டு நாள் தள்ளிப்போயிருக்கிறது. வீட்டில் பார்க்கும் பட்டையில் இரண்டு கோடு. சந்தோஷப்பட வரவில்லை. பயப்படத்தான் வருகிறது. போன தடவை போல் ஓடிப்போய்ச் சொல்லும் ஆள் இல்லை நான் இப்போது. அப்போது போனது அந்த வெகுளித்தனத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அது திரும்பி வராது என்று நினைக்கிறேன்.

இங்கே ரத்தம் எடுக்கும் இடத்தில் கேட்டேன். எடுத்து ஐஸ் பெட்டியில் போட்டுக் காலைப் பஸ்ஸில் உங்கள் லேபுக்குத்தான் அனுப்புகிறார்களாம். செவ்வாய் ஒன்று, வியாழன் ஒன்று கொடுக்கிறேன். குழாயில் பேர் இருக்காது, 41 என்று இருக்கும். இரண்டு நாளும் நீயே ஓட்டு.

வியாழக்கிழமை எண் வந்ததும் எழுதி நிதானம் அண்ணனிடம் கொடு. போனில் சொல்லாதே, உன் குரலை வைத்து நான் முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவேன். இறங்கினாலும் எழுது. இறங்கினால் கண்டிப்பாக எழுது. கையில் பிடித்துப் படிக்கிற மாதிரி எழுது, நேரம் போட்டு. விதி என்னவோ அதை நீ பார்த்துக்கொள். இதைச் செய்ய முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு, வேறு லேப் பார்க்கிறேன். அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் அன்று மாலை நாலு மணி வரைக்கும் டெர்மினசில் இருப்பேன்.

விசில்


ஜூலை 16, வியாழன், காலை 11.20

விசில்,

41.
செவ்வாய்: 174.
இன்று: 391.
மறுபடி ஓட்டினேன்: 388.

ஏறியிருக்கிறது. ஏற வேண்டிய அளவுக்கு ஏறியிருக்கிறது.

இது இரண்டு நாள் கணக்கு மட்டும்தான். துடிப்புத் தெரிய இன்னும் இரண்டு மூன்று வாரம் போக வேண்டும். அதனால் நல்லபடியா இருக்கும் என்று எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான், தெரிந்த நிமிஷத்தில் எழுதுகிறேன். அடுத்ததையும் இப்படியே எழுதுவேன், அது எந்தப் பக்கம் போனாலும்.

அவசரத்தில் கிறுக்குகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கீழே நிதானம் அண்ணன் ஹாரன் அடிக்கிறார். அவர் ஹாரன் அடித்து நான் கேட்டதே இல்லை.

அச்சடித்த தாள் இன்னும் மெஷினிலேயே இருக்கிறது. டாக்டர் மேஜைக்கு இனிமேல்தான் போகும். உனக்குத்தான் முதலில்.

தண்ணியை மிச்சம் வை.

ஊசி